சுருதி சேர்க்க அரை நிமிடம்

(தஞ்சாவூரில் இசை ரசிகர்கள் கூடிய ஆண்டு விழா ஒன்றில் வீணை ஆசிரியை ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னை அழைத்தபோது, "வீணையைப் பற்றிப் பேசுங்கள் டீச்சர்" என்றார்கள். தஞ்சாவூரில் நின்றுகொண்டு வீணையைப் பற்றிப் பேசினால் திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோன கதையாகிவிடும். பலாக்கட்டையைக் குடைந்து குடம் செய்கிறவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். அதனால், "போன மாதம் சென்னையில் ஒரு ஃப்யூஷன் பேண்டின் நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன், அதைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பேசுங்கள், ஆனால் கடைசியில் வீணைக்கு வந்துவிடுங்கள்" என்றார்கள். கடைசி வரை காத்திருக்க வேண்டாம். இந்தக் கதை ஆரம்பிப்பதே வீணையில்தான்.

என்னிடம் ஒரு பெண் ஏழு வயதில் கற்க வந்தாள். எட்டு வருஷம் கற்றாள். வர்ணங்கள் முடிந்து, கிருதிகள் சேர்ந்து, இடது கை விரல்களில் தந்தி அழுந்திய தடம் காய்த்துப்போய், இனி இந்தக் குழந்தை வீணையை விடாது என்று நான் நம்பியிருந்த நேரத்தில் விட்டாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை என்றார்கள் வீட்டில். பிறகு சென்னையில் பொறியியல் படிக்கப் போனாள், அங்கே கையில் பேஸ் கிட்டார் ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டேன். மனசு சுருக்கென்றது. உங்களிடம் அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

போன மாதம் அவளே தொலைபேசியில் கூப்பிட்டாள். "டீச்சர், ஞாயித்துக்கிழமை எங்க பேண்டோட ஷோ இருக்கு. நீங்க கண்டிப்பா வரணும்." நான் கொஞ்சம் குத்தலாகவே கேட்டேன்: "ஷோவா, கச்சேரியா?" அவள் சிரித்தாள். "கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க டீச்சர்." அதோடு விடவில்லை. அன்று இரவே வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினாள். "வர்றதுக்கு முன்னாடி இதெல்லாம் கேட்டுட்டு வாங்க" என்று எழுதியிருந்தாள். எட்டு வருஷம் நான் அவளுக்கு வீட்டுப் பாடம் கொடுத்தேன். அன்றைக்கு அவள் எனக்குக் கொடுத்தாள்.

பட்டியலில் முதலில் இருந்தது சக்தி. ஜான் மெக்லாக்லின் என்ற ஆங்கிலேயர் கிட்டார், நம் எல். சங்கர் வயலின், ஜாகிர் ஹுசைன் தபலா, விக்கு விநாயகராம் கடம். 1975 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் ஆள்கள் முன்னால் வாசித்ததை அப்படியே பதிவு செய்து, அடுத்த வருஷம் இசைத்தட்டாக வெளியிட்டார்கள். அதில் ராமநாதபுரம் வி. ராகவனின் மிருதங்கமும் உண்டு. அப்போது ஜாகிருக்கு 24 வயது, சங்கருக்கு 25. ஜாகிரின் நரைத்த தலையை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பதிவைக் கேட்கிறோம். வாசித்தபோது அது ஓர் இளைஞர் குழு. அதே குழுப் பெயரில், சங்கர் மகாதேவனும் கணேஷ் ராஜகோபாலனும் செல்வகணேஷும் சேர்ந்து வந்த தொகுப்புக்கு 2024இல் கிராமி விருது கிடைத்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அந்த வருஷக் கடைசியில் ஜாகிர் போய்விட்டார்.

அடுத்து இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’, 1986. தியாகராஜரையும் மேல்நாட்டு இசை மேதை பாக்கையும் ஒரே முற்றத்தில் உட்கார வைத்த தொகுப்பு. அதன் பிறகு பெங்களூரின் அகம். வார நாள்களில் கணினி வேலை பார்த்துக்கொண்டே கர்நாடக இசையையும் ராக்கையும் சேர்த்தவர்கள். முத்துசுவாமி தீட்சிதரின் பிருந்தாவன சாரங்கா கிருதி ‘ரங்கபுர விஹார’வை அவர்கள் பாடிக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவிடம் போய்ச் சேர்ந்த பிள்ளைகளை எனக்கே தெரியும். நாமெல்லாம் எம்.எஸ்.ஸிடமிருந்து வந்தோம், அவர்கள் எம்.எஸ்.ஸுக்குப் போகிறார்கள். ரூபக தாளம் என்பதால் அந்தக் கிருதி மேல்நாட்டு ஆறு எண்ணிக்கை நடையில் இடிக்காமல் உட்கார்ந்துகொள்கிறது என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். கேரளத்தின் தைக்கூடம் பிரிட்ஜ் பட்டியலில் இருந்தது. ‘96’ படத்துக்கு இசையமைத்த கோவிந்த் வசந்தா அந்தக் குழுவிலிருந்து வந்தவர். கடைசியாக, சென்னையின் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இத்தனையும் கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை போனேன். சின்ன அரங்கம். நாற்காலிகளே இல்லை. இருநூறு பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போன ஒரே ஆள் நான். ஒரு பையன் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து, "இங்க உக்காருங்கம்மா, இங்கதான் சவுண்டு நல்லாருக்கும்" என்று கூட்டத்தின் பின்னால், ஒலி சரிசெய்கிறவருடைய மேஜை பக்கத்தில் போட்டான். அவன் சொன்னது முழுக்கச் சரி. அந்த ஒலிப்பொறியாளர் தன் காதால் கேட்டுத்தானே அளவு வைக்கிறார்? அவர் பக்கத்தில் இருந்தால் அவர் கேட்பதை நாமும் கேட்கலாம். நம் சபாக்களில் முதல் வரிசைக்கு அடித்துக்கொள்கிறோமே, அந்தப் பழக்கம் இங்கே உதவாது. முதல் வரிசையில் டிரம்ஸ்தான் கேட்கும். இன்னொன்று, போகும்போது கொஞ்சம் பஞ்சு எடுத்துக்கொண்டு போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. வாசிக்கிறவர்களே காதில் அடைத்துக்கொண்டுதான் வாசிக்கிறார்கள்.

மேடையில் ஆறு பேர். ஒரு பெண் பாட்டு. வயலின், கிட்டார், டிரம்ஸ், மிருதங்கம். ஓரத்தில் என் மாணவி, பேஸ் கிட்டாரோடு. ஆறு பேரில் யாருக்கும் முப்பது வயது இருக்காது.

முதல் உருப்படியாகத் தோடியை எடுத்தார்கள். எனக்குத் திக்கென்றது. தோடி விளையாட்டுப் பண்டம் இல்லை என்பது இந்த ஊரில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த யாருக்கும் தெரியும். அதன் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, ஊஞ்சல் மாதிரி போய்ப் போய் வரும். அந்தப் பெண் நன்றாகவே பாடினாள். ஆனால் கிட்டார்க்காரர் அடியில் ஒரு கார்டு போட்டார். கார்டு என்பது மூன்று நான்கு ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கவிடுவது. அந்தக் கார்டுக்குள் ஒரு காந்தாரம் கட்டிப்போட்ட கன்றுக்குட்டி போல அசையாமல் நிற்கிறது, மேலே பாடுகிறவளின் காந்தாரம் ஊஞ்சலாடுகிறது. இரண்டும் உரசி, காதில் மணல் விழுந்தது போல் இருந்தது. போதாக்குறைக்கு டிரம்ஸ் இடி இடித்தது. எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நாற்காலி போட்ட பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் போகவில்லை.

இந்த உரசல் ஏன் வருகிறது என்று கொஞ்சம் பார்க்கலாம். வீணைக்கு 24 மெட்டு. பதினேழாம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்தில் இந்த ஊரில்தான் அது நிலைபெற்றது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிட்டாருக்கும் மெட்டு உண்டு. அப்படியானால் இரண்டும் பங்காளிகள்தானே என்று தோன்றும். நம் மெட்டுகள் மெழுகின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. மேளம் கட்டுகிறவர் காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றையும் மயிரிழை அளவு நகர்த்தி வைக்கிறார். கிட்டாரின் மெட்டு மரத்தில் அறைந்தது. ஒரு ஸ்தாயியைச் சரிசமமாகப் பன்னிரண்டாக நறுக்கி வைத்தது. இன்னொன்று, வீணையில் தந்தி மெட்டுக்கு மேலே உயரமாக ஓடுவதால், ஒரே மெட்டில் விரலை வைத்து இழுத்து மூன்று நான்கு ஸ்வரம் பேச வைக்கலாம். கிட்டாரில் அவ்வளவு இழுக்க இடமில்லை. மெக்லாக்லின் இதற்காகவே மெட்டுக்கு நடுவில் மரத்தைக் குழிவாகச் செதுக்கிய ஒரு கிட்டாரைச் செய்துகொண்டார். விரல் மரத்தில் முட்டாமல் தந்தியை இழுக்க வேண்டும் என்பதற்காக. நம்முடைய கமகத்தைத் தேடி ஒரு வெள்ளைக்காரர் தச்சரிடம் போன கதை அது.

அதனால்தான் இந்தப் பேண்டுகள் மோகனம், ஹிந்தோளம், மத்யமாவதி, சுத்த தன்யாசி என்று ஐந்து ஸ்வர ராகங்களை அதிகம் எடுக்கின்றன. அவற்றில் கார்டு போட்டாலும் அவ்வளவாக உரசாது. தோடியிலும் பேகடாவிலும் கை வைத்தால் தையல் பிரிந்துவிடும். அன்றைக்கு முதல் பாட்டில் பிரிந்தது. ஃப்யூஷன் என்றால் எல்லாம் நல்லது என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. கிருதியைப் பாடி அடியில் டிரம்ஸ் அடித்துவிட்டு ஃப்யூஷன் என்று பெயர் வைப்பது, சாம்பாரில் சர்க்கரையைக் கொட்டிப் புதுப் பலகாரம் என்று சொல்கிற மாதிரி.

இங்கே சிலர் மனத்தில் ஒரு கேள்வி ஓடுவது முகத்தில் தெரிகிறது. இந்த வம்பே எதற்கு, நம் சங்கீதத்தை அப்படியே விட்டுவைக்கக் கூடாதா என்று. தஞ்சாவூர்க்காரர்கள் அதைக் கேட்கலாமா? சரபோஜி மன்னர் அரண்மனையில் மேல்நாட்டு பேண்டு வாத்தியக் குழு இருந்தது. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு வயலினில் தேர்ந்து, திருவாங்கூரில் சுவாதித் திருநாளிடம் தந்தத்தில் செய்த வயலினைப் பரிசாக வாங்கினார். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பிய வயலின் கற்று நம் பாட்டுக்குக் கொண்டுவந்தார். முத்துசுவாமி தீட்சிதரே வெள்ளைக்காரர்களின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரணத்தில் ஏறக்குறைய 40 நோட்டுஸ்வரங்கள் செய்தார். அதில் ஒன்று பிரிட்டிஷ் ராஜ வாழ்த்தின் மெட்டு. அந்த மெட்டில் அம்பாளைப் பாடினார்.

ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். வயலின் நம் வீட்டுக்கு வந்தபோது நம் வழிக்கு வந்தது. நின்று வாசித்த வாத்தியத்தை உட்கார வைத்தோம். அதன் தலையைக் கணுக்காலில் சாய்த்தோம். தந்திகளை ஷட்ஜமும் பஞ்சமமுமாக மாற்றிக் கட்டினோம். ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட், கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோன், யு. ஸ்ரீநிவாஸின் மாண்டலின், எல்லாம் அப்படித்தான். மருமகளாக வந்து இந்த வீட்டுச் சமையலைக் கற்றுக்கொண்ட வாத்தியங்கள். ஃப்யூஷன் பேண்டில் அந்த ஏற்பாடு இல்லை. அங்கே கிட்டார் கிட்டாராகவே இருக்கும், மிருதங்கம் மிருதங்கமாகவே இருக்கும். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. யார் எப்போது விட்டுக்கொடுப்பது என்று ஒவ்வொரு பாட்டிலும் புதிதாகப் பேசித் தீர்க்க வேண்டும். பதிவில் அது தெரியாது, எல்லாவற்றையும் இழைத்து மெழுகிவிடுவார்கள். நேரில்தான் தையல் கண்ணுக்குத் தெரியும். நேரில் போய்க் கேட்பதன் சுவையே எனக்கு அந்தத் தையலைப் பார்ப்பதுதான்.

மூன்றாவது உருப்படியில் ஒன்று நடந்தது. அதை வாயால் சொன்னால் புரியாது, நீங்கள் தட்டிப் பார்க்க வேண்டும். பின்வரிசைகளில் இருப்பவர்கள் ஒரே சீராக நான்கு தட்டு தட்டுங்கள். ஒரு தட்டுக்கு நான்கு மாத்திரை. மொத்தம் பதினாறு. டிரம்ஸ்காரர்களுக்கு இதுதான் அன்றாடச் சோறு. முன்வரிசைக்காரர்கள் முதல் தட்டில் சும்மா இருங்கள். அடுத்த மாத்திரையில் ஆரம்பித்து மூன்று தரம் சொல்லுங்கள்: ததிங்கிணதொம், ததிங்கிணதொம், ததிங்கிணதொம். ஐந்து ஐந்தாகப் பதினைந்து, விட்டது ஒன்று. பதினாறு.

(அவையினர் தட்டிப் பார்க்கின்றனர்.)

என்ன ஆயிற்று, கவனித்தீர்களா? பின்வரிசையின் தட்டு முதல் தரம் ‘ண’வில் விழுந்தது. இரண்டாம் தரம் ‘கி’யில். மூன்றாம் தரம் ‘திங்’கில். ஒவ்வோர் எழுத்தாகப் பின்னால் வழுக்கிக்கொண்டே வந்து, அடுத்த தட்டு சமத்தில் வந்து இறங்கிவிட்டது. நடுவில் வயிற்றுக்குள் ஒரு கலக்கம் வந்ததே, யாரோ தப்புத் தாளம் போடுகிறார்கள் என்று? அந்தக் கலக்கத்துக்காகத்தான் இருநூறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

அன்று மிருதங்கக்காரர் இதே கணக்கைப் பெரிதாக்கி, குறைத்துக் குறைத்துக் கொண்டுவந்தார். டிரம்ஸ்காரர் அசையாமல் நாலைப் பிடித்துக்கொண்டிருந்தார். முன்னால் நின்ற பிள்ளைகள் தலையை ஆட்டிக்கொண்டே வந்து நடுவில் தடுமாறினார்கள். சிலர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேடையையே பார்த்தார்கள். சமத்தில் டிரம்ஸும் மிருதங்கமும் பேஸும் ஒன்றாக விழுந்தபோது அரங்கமே ஒரு அடி எம்பியது. தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் காபி குடிக்க எழுந்து போகிற நம் சபாக்களை நினைத்துக்கொண்டேன். அங்கே யாரும் எழுந்திருக்கவில்லை. அவர்களுக்குக் கோர்வை என்ற சொல் தெரியாது. உடம்புக்குத் தெரிந்துவிட்டது.

நான்காவது உருப்படி மோகனம். இங்கேதான் என் மாணவி வருகிறாள். அதுவரை அவள் என்ன செய்கிறாள் என்றே எனக்குப் பிடிபடவில்லை. பேஸ் கிட்டாரின் ஒலி காதில் விழுவதை விட நெஞ்சில் விழுகிறது, நாற்காலிக் காலில் அதிர்கிறது. பாட்டுக்காரப் பெண் ஒரு ஆலாபனை எடுத்தாள். பேஸ் ஷட்ஜத்தில் நின்றது. நம் தம்புரா மாதிரி. சுத்தமான மோகனம். பாடகி அதே பிடியைத் திரும்பவும் பாடினாள். இந்தத் தரம் பேஸ் மெல்ல ரிஷபத்துக்கு நகர்ந்தது. எனக்குச் சட்டென்று மத்யமாவதி கேட்டது. மங்களம் பாடப் போகிறார்களோ, கச்சேரி முடிந்ததோ என்று கைப்பையைக்கூட எடுத்துவிட்டேன். அப்புறம் பேஸ் தைவதத்துக்குப் போயிற்று, சுத்த தன்யாசி எட்டிப் பார்த்தது. பிறகு ஷட்ஜத்துக்குத் திரும்பியதும் மோகனம் விடிந்தது.

கிரக பேதம் என்று நாம் சொல்கிறோமே, அதுதான் இது, தலைகீழாக. நம் கச்சேரியில் தம்புரா நிற்கும், வித்வான் ஆதார ஸ்வரத்தை மாற்றி இன்னொரு ராகத்தைக் காட்டுவார். சொந்த வீட்டில் நின்றுகொண்டே அடுத்த வீட்டு ஜன்னலைத் திறப்பது போல. அன்று பாடகி ஒரு ஸ்வரமும் மாற்றவில்லை. அவள் நின்ற தரையை என் மாணவி நகர்த்தினாள். ஸ்வரங்கள் ஐந்தும் அதே ஐந்துதான். இந்த மாற்றம் நம் முறையில் தம்புராவை வைத்துக்கொண்டு நடக்காது. கார்டை மட்டும் தெரிந்தவருக்கு, இது மத்யமாவதியின் வாசல் என்று தெரியாது. இரண்டும் கையிலிருந்தால்தான் நடக்கும். அவள் ஷட்ஜத்திலிருந்து ரிஷபத்துக்குத் தாவவில்லை, விரலை எடுக்காமல் ஜாருவாக இழைந்து போனாள். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியை வீணை மாதிரி இழுக்க முடியாது. இழுக்க முடியாத இடத்தில் ஜாரு போட வேண்டும் என்று அவளுக்குப் பதின்மூன்று வயதில் சொல்லிக்கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

மேலே போவதற்கு முன்னால், பிறகு சொல்கிறேன் என்று வைத்திருந்த கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அவர்களுடைய முதல் மேடை. இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சி, தென்மாவின் இசை. கானாவும் பறையும் ராப்பும் ராக்கும் சேர்ந்த குழு. அந்தப் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து வந்தது. பறையைத் தீயில் காட்டித் தோலை முறுக்கேற்றி வாசிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தீயில் சுருதி ஏறும் வாத்தியமும் மின்சாரத்தில் பேசும் வாத்தியமும் ஒரே மேடையில் நின்றன. அதைக் கேட்டபோது என் மனத்தில் ஒன்று உறுத்தியது. நாங்கள் இத்தனை காலம் எந்த வாத்தியத்தோடு எந்த வாத்தியம் சேரலாம் என்று வாதாடினோமே, அதில் எவ்வளவு இசை, எவ்வளவு மனுஷன்? ஐரோப்பாவிலிருந்து வந்த வயலின் நம் பாட்டுக்கே சொந்தமாகிவிட்டது என்று பெருமைப்படுகிறோம். பக்கத்துத் தெருவிலிருந்த பறைக்கு மேடையே கொடுக்கவில்லை. ஒரு பேண்டு மேடையேறும்போது, என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்பதோடு யார் சேர்ந்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். வேறு சில உரசல்கள் அப்போது கேட்கும்.

இப்போது என் பேச்சின் தலைப்பில் உள்ள அரை நிமிடத்துக்கு வருகிறேன்.

ஐந்தாவது உருப்படி நடந்துகொண்டிருந்தது. பாதியில் மிருதங்கத்தின் சுருதி இறங்கிவிட்டது. ஏசியின் குளிர், மேடை விளக்கின் சூடு, இரண்டுக்கும் நடுவில் தோல் என்ன செய்யும்? நம் கச்சேரியில் இது ஒரு விஷயமே இல்லை. பாட்டு முடிந்ததும் கல்லையும் கட்டையையும் எடுத்து வலந்தலையின் விளிம்பைச் சுற்றித் தட்டிச் சரிசெய்வார்கள். வித்வான் ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். நாம் பக்கத்துச் சீட்டுக்காரரோடு இரண்டு வார்த்தை பேசுவோம். கிட்டார்க்காரர்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. காலடியில் ஒரு சின்னப் பெட்டி, அதில் விளக்கு பச்சையானால் சுருதி சேர்ந்தது. இந்த மாதிரி மேடையில் பாட்டுகள் நிமிஷக் கணக்கில் அடுக்கியிருக்கும். சில குழுக்களில் டிரம்ஸ்காரரின் காதில் டிக் டிக் என்று ஒரு கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருக்கும். அது யாருக்காகவும் நிற்காது.

இந்தப் பேண்டில் கடிகாரம் இல்லை போலிருக்கிறது. மிருதங்கக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்தார். டிரம்ஸ்காரர் அதைப் பார்த்தார். குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே மெல்ல ஒரு நடையைப் பிடித்தார். கிட்டார் கார்டை விட்டது. பாடகி மைக்கை விட்டு ஓர் அடி பின்னால் போனாள். என் மாணவி ஷட்ஜத்துக்கு வந்தாள். வந்து, அதிலேயே நின்றாள். ஒரு ஸ்வரம். அதே ஸ்வரம். மீட்டுவதும் காத்திருப்பதும் மீட்டுவதுமாக. அந்த ஒலியில் காதை வைத்து அவர் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்தார். கல் மரக்கட்டையில் விழும் சத்தம்கூட அந்த நடைக்குள்ளேயே விழுந்தது. முப்பது விநாடி இருக்கும். நிற்கிற பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இதுவும் பாட்டின் ஒரு பகுதி என்றுதான் பட்டிருக்கும். பட்டதில் தப்பில்லை. அவர் நிமிர்ந்து ஒரு ‘நம்’ வைத்தார். சுத்தமாகச் சேர்ந்திருந்தது. எல்லோரும் உள்ளே வந்தார்கள்.

நான் காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டேன்.

இனிமேல் இந்த மாதிரி நிகழ்ச்சிக்கு உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கூப்பிட்டால் போய் வாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முதல் பாட்டில் தீர்ப்பு எழுதாதீர்கள். காதுக்குச் சத்தம் பழகவே இரண்டு பாட்டு ஆகும். ராகம் எது என்று பக்கத்தில் நிற்பவரிடம் காட்டிக்கொள்ள வேண்டாம். பேஸ் எங்கே நிற்கிறது என்று தேடுங்கள், தரை தெரியும். கையில் தாளம் போடுங்கள், நீங்கள் தப்பாகப் போடுவது போலத் தோன்றும் இடத்தில் விடாமல் போடுங்கள். வாசிக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் எப்போது பார்த்துக்கொள்கிறார்கள் என்று கவனியுங்கள். அதே பேண்டு இன்னொரு ஊரில் வாசித்தால் திரும்பவும் போங்கள். உரசிய இடம் அங்கே உரசாமல் இருக்கலாம். வேறோர் இடத்தில் உரசலாம்.

நிகழ்ச்சி முடிந்ததும் அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். வேர்வை வழிய, அத்தனை பேர் நடுவில் காலில் விழுந்தாள். எழுந்ததும் கேட்டாள்: "சொல்லுங்க டீச்சர். ஷோவா, கச்சேரியா?"

"தோடி ஷோ. மோகனம் கச்சேரி" என்றேன். சிரித்தாள். தோடியைப் பற்றி அவளுக்கே தெரிந்திருந்தது. நான் அவள் இடது கையை எடுத்துப் பார்த்தேன். வீணைத் தடம் மறைந்து விரல் நுனியெல்லாம் புதிதாகக் காய்த்திருந்தது. "நடுவுல ஷட்ஜத்துலயே நின்னியே, அது முன்னாடியே பேசி வச்சதா?" என்று கேட்டேன்.

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "இல்லையே டீச்சர்" என்றாள். "அவர் சுருதி சேக்கணுமில்ல?"